பழைய பிக்கப்பில் புது பிரேக்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைத் தேடும் முறை

திருத்துறைப்பூண்டிக்கும் மன்னார்குடிக்கும் இடையே நெல், உரம், வைக்கோல், தேங்காய் என்று ஏற்றி இறக்கும் பழைய பிக்கப் வண்டிகளுக்கு ஆண்டில் இரண்டு பருவங்களில் பிரேக் வேலை வரும். ஒன்று, ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு விதையும் உரமும் ஓடத் தொடங்கும் முன். மற்றொன்று, தை மாதத்துச் சம்பா அறுவடைக்கு முன். 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருப்பதால், அதை முன்னிட்டு முழு பிரேக்கையும் மாற்றுபவர்களும் உண்டு. மாற்றிய ஒரு வாரத்துக்குள் அவர்களில் பலர் ஒரே குறையோடு வந்து நிற்பார்கள்: "எல்லாம் புதுசு போட்டாச்சு, பழசே தேவலை போல இருக்கு." என் வண்டியிலும், சித்தப்பா மகனின் வண்டியிலும், தெருக்காரர்கள் வண்டிகளிலும் இதைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துப் பார்த்ததில், வாங்கிய பொருள் கெட்டதாக இருந்தது மிகச் சில முறைதான். பொருத்திய விதம், மாற்றாமல் விட்ட பழைய உதிரி, முதல் 300 கிலோமீட்டர் ஓட்டிய விதம் ஆகியவற்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருந்தது.

கீழே உள்ளவை, முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்மும் வேக்குவம் பூஸ்டரும் கொண்ட, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத பழைய டீசல் பிக்கப்புக்கு உரியவை. டிஸ்க்கைக் காலிப்பருக்குள் இருக்கும் பேடும், டிரம்மை உள்ளிருந்து ஷூவும் அழுத்திப் பிடிக்கும்; பூஸ்டர் காலின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

எங்கள் பக்கத்துக் களிமண் தரையில் ஜாக்கி தானாகவே இறங்கும். மழை பெய்த மறுநாள் என்றால் சொல்லவே வேண்டாம். ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகையைப் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்தின் கீழ் ஸ்டாண்டு நிறுத்திய பின்னரே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஷூவின் மேலுள்ள பழைய லைனரில் (உராயும் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

நான்கு டயர்களின் காற்றழுத்தம், சக்கர நட்டுகளின் இறுக்கம், பிரேக் ஆயில் டப்பாவின் அளவு ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கீழே வரும் எதையும் தொட வேண்டும். பெடல் தரையைத் தொடுமானால், அல்லது சக்கரத்தின் உட்புறம் ஆயில் வழிந்திருக்குமானால், அந்த வண்டியை மெதுவாகக்கூடப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லக் கூடாது. கயிறு கட்டி இழுத்துச் செல்லும் வண்டிக்கும் பிரேக் தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெக்கானிக்கை வண்டி இருக்குமிடத்துக்கு வரவழைப்பதே சரி.

## பெடல் சரியாக இருக்கிறது, ஆனால் வண்டி நழுவிப் போய்த்தான் நிற்கிறது

புது பேட் இன்னும் செட் ஆகவில்லை. பத்தில் ஏழு வண்டிகளில் இதுதான். புது பேடும் புது டிஸ்க்கும் முழுப் பரப்பிலும் ஒன்றையொன்று தொட்டு, பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கின் மேல் சீராகப் படியும் வரை பிடிமானம் குறைவாகவே இருக்கும். அதைப் பழக்காமல், பட்டறையிலிருந்து நேராகக் களத்துக்குப் போய் 40 கிலோ சிப்பம் முப்பதை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்புவதால், பேடின் மேற்பரப்பு சூட்டில் கண்ணாடி போல் இறுகிவிடுகிறது.

பழக்குவதற்கு ஆளற்ற நீண்ட சாலை வேண்டும். ஆற்றங்கரைச் சாலைகள் வளைவும் குறுகலுமாக இருப்பதால் உதவாது. விடியற்காலையில் முத்துப்பேட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையிலோ வெற்று வண்டியாக இதைச் செய்யலாம். அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காயப்போட்டிருக்கும் இடங்களைத் தவிர்க்க வேண்டும். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 கிலோமீட்டர் வேகத்துக்கு நடுத்தர அழுத்தத்தில் குறைக்க வேண்டும். முழுவதும் நிறுத்தக் கூடாது. அரை நிமிடம் ஓட்டிக் காற்றில் ஆறவிட்டு மீண்டும் அதையே செய்ய வேண்டும். இப்படி இருபத்தைந்து முதல் முப்பது முறை. இடையில் கருகும் வாடை வந்தால் பிரேக்கை விட்டுவிட்டு ஐந்து கிலோமீட்டர் சும்மா ஓட்டிய பின் தொடரலாம். முடித்ததும் மீண்டும் ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற்றிவிட்டே நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்திக்கொண்டு நின்றாலோ, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு டீக்கடைக்குள் போனாலோ, பேடோ ஷூவோ தொட்டிருக்கும் இடத்தில் மட்டும் படலம் திட்டாக ஒட்டிக்கொண்டு பின்னாளில் நடுக்கமாக வெளிப்படும்.

பின்பக்க ஷூ இதைவிட மெதுவாகத்தான் செட் ஆகும். ஆகவே முதல் 300 கிலோமீட்டருக்குப் பாதிப் பாரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். பதினைந்து சிப்பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிஸ்க்கில் எண்ணெய் இருக்கிறது. புது டிஸ்க் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியே பெட்டியில் வரும். அதை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். டீசலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இரண்டும் தம் பங்குக்கு ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்கின்றன. எண்ணெய் ஊறிய பேடை நெருப்பில் காட்டி மீட்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மேலே எரிந்தது போலத் தெரியும். உள்ளே ஊறியது முதல் சூட்டிலேயே வெளியே வரும்.

மேற்பரப்பு இறுகிப் பளபளக்கிறது. பேடைக் கழற்றிப் பார்த்தால் முகம் மினுங்கும். 80 அல்லது 120 எண் உப்புத்தாளைச் சமமான கல்லில் விரித்து, மினுக்கம் போகும் வரை தேய்த்து, டிஸ்க்கையும் அதே தாளால் குறுக்காகத் தேய்த்துத் துடைத்து, பழக்கும் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். விரிசல் தெரிந்தால் பேடை மாற்ற வேண்டும்.

புது ஷூ பழைய டிரம்மோடு பொருந்தவில்லை. இது சற்றுச் செலவு வைக்கும். தேய்ந்த டிரம் அகன்றிருக்கும். புது ஷூவின் வளைவு அதைவிடச் சிறியது என்பதால் நடுவில் மட்டுமே தொடும். ஷூவின் மேல் சாக்பீஸ் பூசி, டிரம்மை மாட்டி, ஷூ லேசாகத் தொடும்படி வைத்து ஒரு சுற்று சுற்றிக் கழற்றினால், சாக்பீஸ் அழிந்த இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பாதிக்கும் குறைவாக அழிந்திருந்தால், லைனரை டிரம்மின் வளைவுக்குத் தேய்த்துத் தரும் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். டிரம்மில் பள்ளமோ விளிம்பில் மேடோ இருந்தால் லேத்தில் டர்னிங் போடலாம். ஆனால் டிரம்மில் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தை அது தாண்டுமானால் புது டிரம் வாங்குவதைத் தவிர வழியில்லை. லேத்துக்காரர் அளவு பார்க்காமல் தேய்த்துக் கொடுக்க முன்வந்தால் வேறு பட்டறை பார்ப்பது நல்லது.

## பெடல் தாழ்வாக அல்லது பஞ்சு போல் அமுங்குகிறது

பெடலை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்திப் பார்ப்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

மேலே வந்து கெட்டியாக நிற்கிறது என்றால், பின்பக்க ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் நின்றதும் இரண்டு மூன்று பல் பின்வாங்கி, லேசான உரசல் ஒலியோடு சக்கரம் சுற்றும்படி வைக்க வேண்டும். செலவு எதுவும் இல்லை.

மேலே வந்தும் பஞ்சு போலவே இருக்கிறது என்றால், குழாயில் காற்று இருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டரிலிருந்து (பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்) தொலைவான சக்கரம் முதலில் என்ற கணக்கில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில் ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். எவ்வளவு எடுத்தும் தீரவில்லை என்றால், முன் காலிப்பரைப் பாருங்கள். காலிப்பர்களை மாற்றும்போது இடதும் வலதும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் நிப்பிள் கீழ்ப்புறமாக அமைந்துவிடும். மேலே தங்கிய காற்று ஒருநாளும் வெளியே வராது. இரண்டு லிட்டர் ஆயிலை வீணாக்கிய பிறகு நான் கண்டுபிடித்த கோளாறு இது. நிப்பிள் மேற்புறம் இருக்கிறதா என்பதை இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.

ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாகப் பாதித் தூரமே போய்வந்த மாஸ்டர் சிலிண்டரின் மீதிப் பாதியில் துரு படிந்திருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் அந்தத் துருவின் மேல் உரசிக் கிழிந்துவிடும். "ஏர் எடுக்கும் முன் நன்றாக இருந்தது, எடுத்த பின் பெடல் நிற்கவில்லை" என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

மெதுவாக அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் கீழே கீழே போகிறது என்றால், வெளியே கசிவு எங்கும் இல்லாத நிலையில், மாஸ்டரின் சீல் போய்விட்டது. உட்சுவரில் பள்ளமிருந்தால் சீல் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை. மாஸ்டரையே மாற்ற வேண்டும். இது மெக்கானிக்கின் வேலை.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு சொல். டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் 140 டிகிரி. டாட் 4-க்கு அவை முறையே 230, 155. இரண்டுமே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுபவை என்பதால், ஐப்பசி அடைமழையில் மூடி திறந்து கிடந்த பாட்டிலைத் தையில் ஊற்றுவது சிக்கனமல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற வேண்டும். என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஒரு மூடி அளவு ஊற்றினாலும், வண்டியிலுள்ள எல்லா பிரேக் ரப்பர்களும் ஊதிக் கெட்டுவிடும்.

## பெடல் கல் போல் இறுகி இருக்கிறது

என்ஜினை நிறுத்தி, பெடலை ஐந்து முறை அழுத்தி, கடைசி முறை அழுத்தியபடியே என்ஜினை ஓடவிட வேண்டும். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் வேக்குவம் குழாயின் விரிசல், தளர்ந்த கிளிப், ஒருவழி வால்வு, வேக்குவம் பம்ப், பூஸ்டர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பழைய டீசல் என்ஜின்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னால் இந்தப் பம்ப் இருக்கும். குழாயைக் கழற்றும்போது உள்ளே என்ஜின் ஆயில் நனைந்திருந்தால் பம்ப்பில்தான் கோளாறு. பூஸ்டரைப் பிரித்துச் சரிசெய்ய வீட்டில் முயல வேண்டாம்.

பூஸ்டர் நன்றாக இருந்தும் பெடல் இறுகியிருந்தால், அண்மையில் மாஸ்டரை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பெரிய வண்டியின் மாஸ்டரைப் போட்டால் பிரேக் வலுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். துளை பெரிதானால் பெடல் குறைவாக இறங்கும், கால் அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும். பழைய மாஸ்டரின் மேலுள்ள துளை அளவைப் படித்து அதே அளவில் வாங்க வேண்டும்.

## பெடலை விட்ட பின்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, சக்கரம் சுடுகிறது

பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, நான்கு சக்கரங்களின் மேலும் சில துளி நீர் தெளித்தால், எது சீறுகிறது என்று தெரிந்துவிடும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு சக்கரமா, எல்லாமுமா என்பதுதான் இங்கே வழி பிரியும் இடம்.

### ஒரே ஒரு சக்கரம் என்றால்

முதலில் குனிந்து அடியில் பாருங்கள். சாலையில் போரடிப்பதற்காகப் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டிய வண்டிகளில், அச்சைச் சுற்றியும் டிரம்மின் பின்புறமும் வைக்கோல் புரி போல் முறுக்கிக்கொண்டிருக்கும். பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கின் சூட்டுக்கு அது எரியும் என்பதால், வைக்கோல் மேல் ஓட்டிய அன்றே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, பின்சக்கரமானால் ஷூ மிக நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கைப்பிரேக் கேபிள் துருப்பிடித்து இழுத்த இடத்திலேயே நின்றிருக்கலாம். கேபிளை லீவரிலிருந்து கழற்றியதும் சக்கரம் சுற்றினால் கேபிள்தான் காரணம்.

முன்சக்கரமானால் காலிப்பரின் வழுக்குப் பின்கள். வேதாரண்யத்து உப்பளப் பக்கமும் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகப் பக்கமும் ஓடும் வண்டிகளில், ரப்பர் உறை கிழிந்த ஓராண்டுக்குள் இந்தப் பின்கள் உள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன. கழற்றி, துருவை நீக்கி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைப் பூசி, புது உறை போட வேண்டும். பேரிங் கிரீஸ் இங்கே ஆகாது. சூட்டில் உருகிப் பேடில் இறங்கும். பேட் மாற்றும்போது பின்னைத் தொடாமல் விட்டிருந்தால், புது பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

பின்கள் சரியாக இருந்தால், சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி, போகும் ஆயிலை விட்டுத் திரும்பும் ஆயிலைத் தடுக்கிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே இருக்கும். ஒரு பக்கம் போனால் இரு பக்கமும் மாற்ற வேண்டும். திறந்தும் விடுபடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் காலிப்பரையே மாற்றுவது மலிவு.

பேட், ஷூ எதுவுமே உரசாமல் ஹப்பின் நடுப்பகுதி மட்டும் சுடுகிறது என்றால், பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். அதைப் பிரேக் கணக்கில் எழுத வேண்டாம்.

### இரண்டு முன்சக்கரங்களும், அல்லது நான்கும் என்றால்

குற்றம் சக்கரத்தில் இல்லை; பெடலுக்கும் மாஸ்டருக்கும் இடையில் இருக்கிறது. பெடலுக்குக் கையால் அசைத்தால் உணரும்படி சில மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லை என்றால், தள்ளுதண்டு மாஸ்டரை முழுவதும் திரும்ப விடாமல் வைத்திருக்கிறது. ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து பிரேக்கைத் தானே அழுத்தும். பூஸ்டரையோ மாஸ்டரையோ மாற்றிய வண்டியில் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சக்கரங்கள் பிடித்திருக்கும்போது, மாஸ்டரைப் பூஸ்டரோடு சேர்க்கும் நட்டுகளை இரண்டு மூன்று மி.மீ. தளர்த்துங்கள். விடுபட்டால் தண்டின் நீளத்தைக் குறைக்க வேண்டும். விடுபடவில்லை என்றால், மாஸ்டரிலிருந்து கிளம்பும் குழாயின் நட்டைத் துணி சுற்றித் தளர்த்துங்கள். இப்போது விடுபட்டால் மாஸ்டரின் திரும்பு துளை அடைத்திருக்கிறது, அல்லது தவறான எண்ணெயால் சீல் ஊதியிருக்கிறது. டப்பா மூடியின் அடியிலுள்ள ரப்பர் உப்பி நெளிந்து கிடந்தால் பின்னது உறுதி. அப்போது எல்லா ரப்பர்களையும் மாற்றி, குழாய்களைக் கழுவ வேண்டும். இந்த இடத்தில் பட்டறைக்குக் கொடுத்துவிடுவதே நல்லது. ஒரு சீலை விட்டுவிட்டாலும் எல்லாம் மீண்டும் தொடங்கும்.

## ஒரு பக்கமாக இழுக்கிறது

டயர் காற்று சமமாக இருந்தும் இழுத்தால், இழுக்கும் பக்கத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, எதிர்ப்பக்கத்தில் கோளாறு என்று எண்ணித் தொடங்க வேண்டும். பலரும் இழுக்கும் பக்கத்தையே கழற்றி நேரத்தை இழக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்ட வழுக்குப் பின், எண்ணெய் பட்ட பேட், வீங்கிய ஹோஸ் ஆகியவற்றை முந்திய பகுதியில் சொன்னபடி பார்க்கலாம். பெடலை விட்ட பின்னும் இழுப்பு தொடர்ந்தால் மட்டும் இழுக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

பின் டிரம்மைக் கழற்றியபோது ஷூ நனைந்திருந்தால், நனைத்தது எது என்று அறிய ஒரு துளியை நீரில் விடுங்கள். கரைந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் கசிகிறது. மிதந்தால் கியர் ஆயில், அச்சின் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றியவர்கள் அடுத்த மாதமே இன்னொரு ஜோடி ஷூ வாங்குகிறார்கள்.

## சத்தம்

மழையில் ஓர் இரவு நின்ற வண்டி காலையில் முதல் ஐந்தாறு மிதிக்குக் கரகரக்கும். டிஸ்க்கின் மேல்துரு அழிவதன் ஒலி அது. புது பேடில் மெல்லிய கீச்சொலி முதல் சில நாட்களுக்கு இருக்கலாம். தொடர்ந்தால் பேடின் கிளிப்புகளும் பின்தகடும் திரும்பப் போடப்பட்டனவா என்று பாருங்கள். பழைய பேடோடு சேர்த்து அவற்றைக் குப்பையில் போடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. இரும்போடு இரும்பு உராயும் ஒலி கேட்டால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பேடின் கனம் 3 மி.மீ.க்குக் கீழே போகும் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

## அழுத்தும்போது நடுங்குகிறது

ஸ்டியரிங் நடுங்கினால் முன்பக்கம். இருக்கை நடுங்கினால் பின்பக்கம். ஐயம் இருந்தால், ஆளற்ற சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில், பொத்தானை அழுத்தியபடியே கைப்பிரேக்கை மெல்ல இழுத்துப் பாருங்கள்; கைப்பிரேக் பின் டிரம்மில் இயங்கும் வண்டிகளில், அப்போதும் நடுங்கினால் டிரம் உருளை வடிவம் இழந்துவிட்டது.

முன்பக்கமானால், சக்கர நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக ஒரே அளவில் இறுக்கிப் பார்ப்பது முதல் வேலை. அடுத்து டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். புது டிஸ்க்கைத் துருவின் மேல் உட்காரவைத்தால் மையத்தில் அரிசி நொய் அளவு துரு, விளிம்பில் ஆட்டமாக மாறும். டயல் கேஜ் வைத்திருக்கும் பட்டறையில் ஆட்டத்தை அளக்கச் சொல்லலாம், 0.1 மி.மீ.க்கு மேல் இருந்தால் சரிசெய்தாக வேண்டும். லேத்தில் தேய்ப்பதானால், டிஸ்க்கின் விளிம்பில் பொறித்துள்ள குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது.

## வெறும் வண்டியாக நிற்கிறது, பாரம் ஏற்றினால் நிற்கவில்லை

நெல் ஏற்றும் வண்டிகளில் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போடுவது இங்கே வழக்கம். பல பிக்கப்புகளில் பின்னச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பார வால்வு ஒன்று சட்டத்தில் இருக்கும். பாரத்தில் வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி அசைந்து, பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பட்டை கூட்டிய வண்டி தாழ்வதே இல்லை; ஆகவே வால்வு அதை வெற்று வண்டி என்றே எண்ணிக்கொண்டு பின்பக்கத்துக்குக் குறைவாகவே கொடுக்கிறது. 1.2 டன் நெல்லை முன் டிஸ்க்குகள் மட்டும் நிறுத்த வேண்டியிருக்கிறது. முன் பேடை எவ்வளவு விலையுயர்ந்ததாக மாற்றினாலும் இது தீராது.

கம்பியின் இணைப்பு துருப்பிடித்து அசையாமல் இருக்கிறதா, மண் கட்டி அடைத்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சுத்தம் செய்யலாம். அதன் நீளத்தை மாற்றியமைப்பது மட்டும், அழுத்தமானி வைத்திருக்கும் பட்டறையில் நடக்க வேண்டும். லீவரைக் கம்பியால் மேலே கட்டிவிடுவது சாலையோரத் தீர்வாகப் புழங்குகிறது. அப்படிச் செய்த வண்டி, சிப்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மழையில் சேறு படிந்த சாலையில் பின்சக்கரம் பூட்டிப் பக்கவாட்டில் திரும்பி வாய்க்காலில் இறங்கும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கு முதல் முறையாகப் பாரத்தோடு போகும் டெல்டா வண்டிகளுக்கு வேறொரு குறை வரும்: சமவெளியில் நன்றாக நின்ற பிரேக், இறக்கத்தில் மிதிக்க மிதிக்கத் தளரும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். நீர் ஊற்றக் கூடாது. இறக்கத்தில் இரண்டாம், மூன்றாம் கியரிலேயே இறங்க வேண்டும். ஆறிய பின்னும் பெடல் பஞ்சு போல் இருந்தால் ஆயில் கொதித்திருக்கிறது. அடிவாரத்திலேயே அதை மாற்ற வேண்டும்.

## சேற்றிலோ நீரிலோ இறங்கிய பின் பிடிமானம் இல்லை

பெடலை லேசாக அழுத்தியபடி 200 மீட்டர் மெதுவாக ஓட்டினால் ஈரம் காய்ந்துவிடும். வயலுக்குள் இறங்கிய வண்டியில் டிரம்மை உட்புறம் மூடியிருக்கும் தகட்டின் துளை வழியே சேறு டிரம்முக்குள் போயிருக்கும். அது காய்ந்தால் உப்புத்தாள் போல் லைனரைத் தின்னும். அன்றே டிரம்மைக் கழற்றி நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். அந்தத் துளையின் ரப்பர் மூடி காணாமல் போயிருந்தால், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்; இந்தப் பட்டியலிலேயே விலை குறைந்த உதிரி அதுதான்.

## கைப்பிரேக் நிற்கவில்லை

எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் ஆற்றுப்பாலத்தின் ஏற்றம்தான். கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போவதே பழக்கம் என்பதால், கைப்பிரேக்கை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை; கேபிள் உள்ளே துருப்பிடிக்கிறது. சில வண்டிகளில் பின் ஷூவின் இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பும் கைப்பிரேக் இழுக்கும்போதுதான் நகரும். இழுக்காத வண்டியில் பெடலும் சேர்ந்து தாழ்கிறது.

முதலில் ஷூ இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். கேபிளை இறுக்குவது அதற்குப் பின்னர்தான். வரிசையை மாற்றி, கேபிளை இறுக்கியே சரிசெய்தால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டிருக்கும். ஐந்து முதல் ஏழு கிளிக்குக்குள் பிடிக்க வேண்டும். பிறகு வெண்ணாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில், பாரத்தோடு, சக்கரத்துக்குக் கட்டை போட ஒருவரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு சோதிக்கலாம். கேபிளின் உறை உரிந்து கம்பி நூல் நூலாகத் தெரிந்தாலோ, சட்டத்தில் அதைப் பிடித்திருக்கும் தகடு துருவில் அரித்திருந்தாலோ, மெக்கானிக்கிடம் விட வேண்டும். தகட்டைப் பற்றவைக்க வேண்டியிருக்கும், பிரேக் குழாயும் டீசல் குழாயும் அதன் அருகிலேயே ஓடுகின்றன. எஃப்.சி. நாளுக்கு முந்திய மாலையில் போனால் அந்த வேலை முடியாது, ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.